காரின் ஆக்சிஜன் சென்சார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் சென்சார் பெயரைச் சொல்லி ஒரு கோடு (பிழையைக் காட்டும் குறியீட்டு எண்) வருகிறது. சென்சாரை மாற்றுகிறார்கள். பத்து நாளில் அதே விளக்கு, அதே கோடு. இந்தக் கதை அவ்வளவு சகஜம். இந்தச் சின்னக் கருவி உண்மையில் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சமாகும். கீழே உள்ளவை பெரும்பாலும் பெட்ரோல் கார்களுக்கானவை.

ஆக்சிஜன் சென்சார் எங்கே இருக்கிறது? பார்க்க எப்படி இருக்கும்?

இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயில் திருகப்பட்டிருக்கும். பார்க்க ஸ்பார்க் பிளக் மாதிரி இருக்கும். பின்னால் வயர் வால் போல நீண்டிருக்கும். முனையில் துளையிட்ட உலோக உறை, அதற்குள்ளே விரல் நுனி போன்ற ஒரு பீங்கான் துண்டு. புதிய வகைகளில் அது தட்டையான பட்டையாக இருக்கும். புகை அந்தத் துளைகள் வழியாக உள்ளே போய்ப் பீங்கானைத் தொடும். லாம்டா சென்சார் என்று சொல்வதும் இதைத்தான்.

உள்ளே போகும் காற்றையும் பெட்ரோலையும் அளந்தால் போதாதா? எரிந்து முடிந்த புகையில் ஏன் அளக்க வேண்டும்?

உள்ளே போவதையும் அளக்கத்தான் செய்கிறார்கள். காற்றின் அளவைப் பார்த்து, இவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கணக்குப் போட்டு, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத் திறக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு சரிதானா என்று சொல்ல ஆள் வேண்டுமே. இன்ஜெக்டரில் கொஞ்சம் அழுக்கு படிந்திருக்கலாம். பம்பின் அழுத்தம் குறைந்திருக்கலாம். காற்றை அளக்கும் சென்சாரில் தூசி ஏறியிருக்கலாம். எதையும் இசியூ நேரில் பார்க்க முடியாது. சோறு வெந்ததா என்று ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பதுபோல, புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைப் பார்த்துத்தான் கலவை சரியாக இருந்ததா என்று தெரிந்துகொள்கிறது.

இவ்வளவு நுட்பம் எதற்கு என்றால், காரணம் புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். அது ஒரே நேரத்தில் இரண்டு எதிரெதிரான வேலைகளைச் செய்ய வேண்டும். கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் எரித்து முடிக்க அதற்கு ஆக்சிஜன் தேவை. நைட்ரஜன் ஆக்சைடுகளை உடைக்கும்போதோ அவற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும். காற்று கூடினால் இரண்டாவது வேலை கெடும். பெட்ரோல் கூடினால் முதல் வேலை கெடும். 1 கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்ற புள்ளியை ஒட்டிய மிகக் குறுகிய இடைவெளியில்தான் இரண்டும் நன்றாக நடக்கும். அந்தப் புள்ளியைத்தான் லாம்டா 1 என்கிறார்கள். காற்று அதைவிட அதிகமானால் லீன், பெட்ரோல் அதிகமானால் ரிச்.

கலவையை இப்படிச் சென்சார் வைத்துக் கட்டுப்படுத்தும் முறை, போஷ் நிறுவனத்தின் லாம்டா சென்சாரோடு 1976-ல் வோல்வோ 240 காரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது.

பீங்கான் துண்டு எப்படி மின்சாரம் தருகிறது?

அந்தப் பீங்கான் சிர்கோனியம் டை ஆக்சைடு. அதில் கொஞ்சம் இட்ரியம் ஆக்சைடு கலந்திருக்கும். இந்தக் கலப்பினால் பீங்கானின் படிக அமைப்பில் ஆங்காங்கே ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடங்கள் காலியாக இருக்கும். நன்றாகச் சூடேறினால், ஆக்சிஜன் அயனிகள் அந்தக் காலி இடங்கள் வழியாகத் தாவித் தாவி நகர ஆரம்பிக்கும். எலக்ட்ரான் போகாது, அயனி போகும். விசேஷமே அதுதான்.

பீங்கானின் வெளிப்பக்கம் புகை. உள்பக்கம் சாதாரண வெளிக்காற்று. இரண்டு பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். புகையில் மிகக் குறைவு. அதிகம் உள்ள பக்கத்திலிருந்து குறைவாக உள்ள பக்கத்துக்கு அயனிகள் நகரப் பார்க்கும். அதனால் இரண்டு பிளாட்டினப் பூச்சுகளுக்கும் இடையே மின்னழுத்தம் உண்டாகும். வித்தியாசம் கூடினால் மின்னழுத்தமும் கூடும். எவ்வளவு கூடும் என்று சொல்லும் சமன்பாட்டை வேதியியலாளர் வால்தர் நெர்ன்ஸ்ட் 1889-லேயே எழுதிவிட்டார். அவர் பிறகு கண்டுபிடித்த நெர்ன்ஸ்ட் விளக்கிலும் ஒளிர்ந்தது இதே சிர்கோனியா-இட்ரியா பீங்கான்தான். கார் சென்சாருக்குத் தேவையான பொருளும் கணக்கும் ஒரே மனிதரின் கையில் இருந்திருக்கின்றன என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

லீன் என்றால் 0.1 வோல்ட், ரிச் என்றால் 0.9 வோல்ட். நடுவில் படிப்படியாக ஏறாமல் ஏன் சட்டென்று தாவுகிறது?

நல்ல கேள்வி. பலரும் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் மின்னழுத்தம் ஆக்சிஜன் விகிதத்தின் மடக்கையைப் பொறுத்தது. பீங்கான் 700 டிகிரி செல்சியஸில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். லீன் புகையில் 1 சதவீதம் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் விகிதம் 21 மடங்கு. மின்னழுத்தம் சுமார் 0.06 வோல்ட்தான் வரும். ஆக்சிஜனைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் 0.05 வோல்ட் அளவுக்குத்தான் கூடும். அப்படியானால் 0.9 வோல்ட் எங்கிருந்து வருகிறது?

பிளாட்டினத்திலிருந்து. அது மின்முனை மட்டுமல்ல, வினையூக்கியும்கூட. ரிச் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் மிஞ்சியிருக்கும். மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பிளாட்டினத்தின் பரப்பில் அவை ஏறத்தாழ முழுக்கத் தின்றுவிடும். அங்கே எஞ்சும் ஆக்சிஜன் 1-க்குப் பின்னால் பத்தொன்பது சுழியம் போட்டு வரும் எண்ணில் ஒரு பங்கு என்ற அளவுக்குப் போய்விடும். லாம்டா 1-ஐத் தாண்டும் அந்தக் கணத்தில் ஆக்சிஜன் இப்படிப் பாதாளத்துக்கு விழுவதால் மின்னழுத்தம் செங்குத்தாக ஏறுகிறது.

ஆகவே இந்தச் சாதாரண வகைச் சென்சார் ‘கொஞ்சம் ரிச்’, ‘ரொம்ப ரிச்’ என்றெல்லாம் நம்பகமாகச் சொல்லாது. கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதை மட்டும் மிகத் துல்லியமாகச் சொல்லும். நடுக்கோடு சுமார் 0.45 வோல்ட்.

ஸ்கேனரில் மின்னழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. சென்சார் போய்விட்டதா?

இல்லை, அது நன்றாக இருப்பதற்கு அடையாளம். லீன் என்றதும் இசியூ பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும். ரிச் என்றதும் குறைக்கும். சென்சார் கோட்டின் எந்தப் பக்கம் என்று மட்டுமே சொல்வதால், கோட்டின் இரு பக்கமும் ஊசலாடித்தான் சராசரியாக நடுவில் நிற்க முடியும். இன்ஜின் சூடான பிறகு 2500 ஆர்பிஎம்மில் வைத்தால், நொடிக்கு ஒருமுறையாவது மேலும் கீழும் போய் வர வேண்டும். சோம்பலாக ஏறி இறங்கினாலோ, ஒரே இடத்தில் நின்றாலோதான் கவலை. அப்போதும் கவலை சென்சாரைப் பற்றியதாக மட்டும் இருக்கக் கூடாது.

நான்கு வயர் எதற்கு? ஒரே வயர் உள்ள சென்சாரும் பார்த்திருக்கிறேனே?

பீங்கான் சுமார் 300 முதல் 350 டிகிரி வரை சூடேறாமல் வேலை செய்யாது. பழைய ஒற்றை வயர் சென்சார் புகையின் சூட்டையே நம்பியிருந்தது. ஐடிலிங்கில் ரொம்ப நேரம் நின்றால் அது ஆறிப்போய் ஊமையாகிவிடும். பிறகு உள்ளேயே ஹீட்டர் வைத்தார்கள். ஹீட்டருக்கு இரண்டு வயர், சிக்னலுக்கு ஒன்று, சிக்னல் எர்த்துக்கு ஒன்று. ஹீட்டர் இருந்தால் கிளம்பிய அரை நிமிடத்துக்குள் சென்சார் தயாராகிவிடும். அதுவரை இசியூ சென்சாரைக் கேட்காமல் சொந்தக் கணக்கிலேயே ஓட்டும்.

பல கார்களில் ஹீட்டரை உடனே முழு வேகத்தில் போடுவதில்லை. குளிர்ந்த குழாயில் நீர்த்துளிகள் இருக்கும். கொதிக்கும் பீங்கானில் ஒரு துளி பட்டால் விரிசல் விடும். குழாய் காயும்வரை இசியூ பொறுமையாக இருக்கிறது.

ஹீட்டர் சம்பந்தப்பட்ட கோடு (பி0135, பி0141 போன்றவை) வந்தால் முதலில் பியூஸைப் பாருங்கள். அப்புறம் கனெக்டரில் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். ஹீட்டரின் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டர் சில ஓம்கள் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. அப்போது சென்சாரை மாற்ற வேண்டியதுதான்.

ஒரே காரில் இரண்டு, நான்கு சென்சார்கள் ஏன்?

கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது கலவையைக் கட்டுப்படுத்த. பின்னால் இருப்பது முக்கியமாகக் கன்வெர்ட்டரைக் கண்காணிக்க. நல்ல கன்வெர்ட்டர் ஆக்சிஜனைக் கொஞ்சம் சேமித்து வைத்துத் தேவைப்படும்போது விடும். அதனால் முன்னால் உள்ள ஏற்ற இறக்கம் பின்னால் தெரியாது. பின் சென்சார் பெரும்பாலும் 0.6, 0.7 வோல்ட் அருகே அமைதியாக நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடத் தொடங்கினால் கன்வெர்ட்டரின் சேமிப்புத் திறன் போய்விட்டது என்று பொருள். அதைச் சொல்லும் கோடுதான் பி0420. பின் சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்ததற்குக் கிடைக்கும் தண்டனை, அதையே கழற்றி எறிவது! குழாயில் கசிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கன்வெர்ட்டரையும், அதைக் கெடுத்தது எது என்பதையும் தேடுங்கள். இன்ஜின் ஆயில் எரிவதும் நாள்பட்ட மிஸ்ஸிங்கும் (சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போவது) தான் பெரும்பாலும் காரணம்.

வி வடிவ இன்ஜினில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய் இருப்பதால் எண்ணிக்கை இரட்டிப்பாகும். முதல் சிலிண்டர் இருக்கும் பக்கம் பேங்க் 1. முன் சென்சார் 1, பின் சென்சார் 2. தவறான பக்கத்துச் சென்சாரை மாற்றிவிட்டுக் குழம்புவது அடிக்கடி நடக்கிறது.

வைட்பேண்ட் சென்சார் என்பது வேறா?

ஆமாம். அதில் இரண்டு பீங்கான் செல்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவே மிகக் குறுகலான ஓர் அறை; புகை கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து அதற்குள் வரும். ஒரு செல் நாம் மேலே பார்த்த மாதிரி அறைக்குள் என்ன நிலை என்று அளக்கும். இன்னொரு செல்லில் மின்சாரம் செலுத்தினால் அது ஆக்சிஜன் பம்பாக வேலை செய்யும். அயனி நகர்வால் மின்னழுத்தம் உண்டாவதையே தலைகீழாகத் திருப்பிய கதை. அளக்கும் செல் எப்போதும் 0.45 வோல்ட்டிலேயே நிற்கும்படி, ஆக்சிஜனை உள்ளே தள்ளிக்கொண்டோ வெளியே இறைத்துக்கொண்டோ இருக்கிறார்கள். அதற்கு எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது என்பதுதான் விடை. லாம்டா 1 என்றால் மின்னோட்டம் சுழியம். லீன் ஒரு திசை, ரிச் எதிர்த்திசை. எவ்வளவு லீன், எவ்வளவு ரிச் என்பதும் தெரிந்துவிடும்.

இதற்கு ஐந்து அல்லது ஆறு வயர் இருப்பது வழக்கம். ஏர் ஃப்யூயல் ரேஷியோ சென்சார் என்ற பெயரில் வருபவற்றில் நான்கு வயர் உள்ளவையும் உண்டு. எனவே வயரை எண்ணி மட்டும் முடிவு கட்டாதீர்கள். 0.1 முதல் 0.9 வரை ஆடுகிறதா என்ற சோதனை இதற்குப் பொருந்தாது. ஸ்கேனரில் லாம்டா எண்ணையோ மின்னோட்டத்தையோதான் பார்க்க வேண்டும்.

‘சிஸ்டம் டூ லீன்’ (பி0171) என்று வந்திருக்கிறது. சென்சாரை மாற்றலாமா?

மாற்றாதீர்கள், இப்போதைக்கு. சென்சாருக்குப் பெட்ரோலைப் பற்றி எதுவுமே தெரியாது. மிஞ்சிய ஆக்சிஜனை மட்டும்தான் அது சொல்கிறது. ‘பெட்ரோல் குறைவு’ என்பது நாம் செய்துகொள்ளும் ஊகம். அந்த ஊகம் பிழைக்கும் இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது, மிஸ்ஸிங். ஒரு சிலிண்டர் எரியவில்லை. பெட்ரோல் எரியாமல் வெளியே போகிறது. அதனோடு அந்தச் சிலிண்டரின் ஆக்சிஜன் முழுவதும் எரியாமல் வெளியே போகிறது. சென்சார் நிறைய ஆக்சிஜனைப் பார்த்து லீன் என்கிறது. இசியூவும் நம்பி இன்னும் பெட்ரோலைக் கொட்டுகிறது.

இரண்டாவது, சென்சாருக்கு முன்னால் குழாயில் அல்லது மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கசிவு. புகை வெளியே போகுமே தவிர காற்று எப்படி உள்ளே வரும் என்று கேட்பார்கள். புகை சீராக ஓடுவதில்லை. துடிப்புத் துடிப்பாக வருகிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் அழுத்தம் இறங்கும்போது வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். விளைவு விசித்திரமாக இருக்கும்: கோடு லீன் என்கிறது, பிளக்கைக் கழற்றினால் கரியாக இருக்கிறது, பின்னால் பெட்ரோல் வாடை அடிக்கிறது. இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் உடனே கசிவைத் தேடுங்கள்.

மூன்றாவது, உண்மையிலேயே லீன். அப்போதும் குற்றவாளி சென்சார் அல்ல. ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பாருங்கள். இசியூ தன் அடிப்படைக் கணக்கைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ பெட்ரோல் தருகிறது என்பது அது. கூட்டல் குறி என்றால் சேர்க்கிறது. 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகப் பயமில்லை. ஐடிலிங்கில் ட்ரிம் உயரமாக இருந்து, 2500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால், இன்டேக் பக்கம் (இன்ஜினுக்குள் காற்று போகும் பக்கம்) ஏதோ ஓர் ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று நுழைகிறது. ஐடிலிங்கில் மொத்தக் காற்றே குறைவு என்பதால் அங்கே ஓட்டையின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. இதற்கு மாறாக, சுமை கூடக் கூட ட்ரிம் ஏறினால் பம்ப், ஃபில்டர், அல்லது அழுக்கேறிய காற்றளவு சென்சாரைச் சந்தேகியுங்கள்.

என் காரிலேயே இந்தக் கோட்டுக்கு ஒரு முறை புதுச் சென்சார் போட்டிருக்கிறேன். காரணம் இன்டேக் பக்கம் விரிசல் விட்ட ஒரு ரப்பர் ஹோஸ். ட்ரிம் எண்ணைப் பார்க்க அன்றைக்குத் தெரிந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ரிச் கோடு (பி0172) வந்தால்?

இதே நியாயம்தான். ஒழுகும் இன்ஜெக்டர், பெட்ரோல் டேங்க் ஆவியை இன்ஜினுக்குள் விடும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்பது, இன்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று பொய் சொல்லும் கூலன்ட் வெப்பநிலை சென்சார் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

சரி, சென்சார் உண்மையிலேயே எப்போது கெடும்?

வயதானால் மெதுவாகும். ஹீட்டர் உள்ளவை பொதுவாக 1,60,000 கிலோமீட்டர் வரை தாங்கும். ஹீட்டர் இல்லாத பழையவை அதில் பாதிகூடத் தாங்குவதில்லை. அதற்கு முன்பே போனால் ஏதோ நஞ்சு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். சிலிகான் சீலன்ட்டின் ஆவி, சிலிண்டருக்குள் கசியும் கூலன்ட், எரியும் இன்ஜின் ஆயில், ஈயம் கலந்த பெட்ரோல் எல்லாமே பிளாட்டினத்தை மூடிவிடும். கழற்றிய சென்சாரின் முனை பேசும். வெள்ளைப் படிவு என்றால் சிலிகானோ கூலன்டோ. பளபளப்பில்லாத கரி என்றால் ரிச் கலவை. பழுப்புப் படிவு என்றால் ஆயில். காரணத்தைச் சரிசெய்யாமல் புதியதைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

நானே சோதித்துப் பார்க்க முடியுமா?

சாதாரண வகை என்றால் முடியும். இன்ஜினை நன்றாகச் சூடேற்றுங்கள். டிஜிட்டல் மல்டிமீட்டரையோ ஸ்கேனரையோ வைத்துச் சிக்னலைப் பாருங்கள். இன்டேக் பக்கம் உள்ள ஒரு வேக்குவம் ஹோஸைக் கழற்றினால் மின்னழுத்தம் 0.2-க்குக் கீழே விழ வேண்டும். திடீரென்று ஆக்சிலரேட்டரை மிதித்தால் 0.8-க்கு மேலே தாவ வேண்டும். இரண்டையும் தாமதமில்லாமல் செய்தால் சென்சார் நலமாக இருக்கிறது, பிரச்சினை வேறெங்கோ. சிக்னல் வயரில் ஓம் அளவை வைத்துப் பார்க்காதீர்கள். அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை, சென்சாருக்கும் நல்லதல்ல.

கழற்றிக் கழுவினால் சரியாகுமா?

கரி மட்டும் என்றால், கலவையைச் சரிசெய்துவிட்டு நன்றாக ஓட்டினாலே எரிந்து போய்விடும். சிலிகானும் ஈயமும் கழுவினாலும் போகாது. கம்பி பிரஷால் தேய்த்தால் பூச்சுதான் போகும்.

மாற்றும்போது எதில் கவனம் வேண்டும்?

பெரும்பாலானவற்றுக்கு 22 மில்லிமீட்டர் ஸ்பானர், அல்லது வயர் நுழையப் பிளவு உள்ள சாக்கெட். குழாய் இளஞ்சூட்டில் இருக்கும்போது கழற்றினால் மரை போகாமல் வரும். மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசையை மரையில் மட்டும் தடவுங்கள், முனையில் படக் கூடாது. பல புதிய சென்சார்களில் ஏற்கெனவே தடவித்தான் வரும். முறுக்கம் கார் கையேட்டில் சொன்னபடி, வழக்கமாக 40 முதல் 50 நியூட்டன் மீட்டர். கீழே விழுந்த சென்சாரைப் போடாதீர்கள்; பீங்கான் உள்ளே விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஒப்பிடத் தேவையான வெளிக்காற்று பல சென்சார்களில் வயரின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் உள்ளே போகிறது. வயரை வெட்டி ஈயப்பற்று வைத்தாலோ, கனெக்டரில் கிரீஸை அப்பினாலோ அந்த மூச்சு அடைபடும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டால் சென்சார் குழம்புமா?

குழம்பாது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்குக் குறைந்த காற்று போதும்: 1 கிலோவுக்குச் சுமார் 9 கிலோ. 20 சதவீதம் கலந்தால் 14.7 என்பது ஏறத்தாழ 13.5 ஆகும். ஆனால் சென்சார் 14.7 என்ற எண்ணைத் தேடுவதில்லை; ஆக்சிஜன் தீரும் புள்ளியைத் தேடுகிறது. அதனால் இசியூ தானாகவே ட்ரிம்மில் சில சதவீதம் கூட்டிக்கொள்ளும். ஏற்கெனவே கூட்டலில் நிற்கும் காரில் அந்தச் சில சதவீதம் எல்லையைத் தாண்டவைத்து லீன் கோடு வரலாம்.

டீசல் காரிலும் இருக்கிறதா?

புதியவற்றில் உண்டு, வைட்பேண்ட் வகை. டீசல் இன்ஜின் எப்போதும் காற்று மிகுதியாகவே ஓடுவதால் சாதாரண வகை அங்கே ஒரே பக்கத்தில் படுத்துக் கிடக்கும், பயனில்லை.

விளக்கு எரிகிறது, ஆனால் கார் நன்றாக ஓடுகிறது. அப்படியே ஓட்டலாமா?

வீடு போய்ச் சேரலாம். மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். முன் சென்சார் பொய்யாக லீன் என்று சொல்லிக்கொண்டிருந்தால் மைலேஜ் குறையும், மிஞ்சிய பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கும். சென்சாரைவிடப் பல மடங்கு விலையுள்ள பொருள் அது. விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால் அது கடுமையான மிஸ்ஸிங், ஓரமாக நிறுத்திவிடுங்கள்.